உடைத்த கண்ணாடி

என் சரித்திர நாவல் ஒன்று புஸ்தகமாக வெளிவந்த சில மாதங்களுக்கெல்லாம் ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. விஷயம் அவ்வளவு இனிமையாக இல்லை. “தங்கள் நாவலின் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு செப்பேடு வருகிறதே, அது எந்த ஊரில் இருக்கிறது? எனக்குத் தெரிந்த தொகுதிகளில் எல்லாம் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. அது தங்களுடைய சொந்தச் சரக்கு என்றால், இல்லாத பழமையை இருப்பதாகக் காட்டி வாசகனை ஏமாற்றுவது ஓர் எழுத்தாளருக்கு அழகா?” என்று கேட்டிருந்தார். கையெழுத்துப் போட்ட பிறகு, பின்குறிப்பாக இன்னும் ஒரு வரி: “தீவட்டி பிடித்துக்கொண்டு வரும் பையன் கடைசியில் என்ன ஆனான் என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்களே?”

செப்பேடு என் சொந்தச் சரக்குதான். அதற்கு நான் வெட்கப்படவும் இல்லை. நாவல் என்றாலே பொய்தானே? பொய்யை எவ்வளவு நேர்த்தியாகச் சொல்கிறான் என்பதில்தானே ஆசிரியனுடைய சாமர்த்தியம் இருக்கிறது? இப்படிப் பதில் எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் எழுதவில்லை. பின்குறிப்பை இரண்டாம் முறை படிக்கக்கூட இல்லை. கடிதம் மேஜையில் கிடந்தது. அது அங்கே கிடக்கும்போதே, 2023-ம் வருஷம் அக்டோபரில், அமெரிக்காவுக்குப் போகும்படி நேர்ந்தது.

என் தங்கையின் மகள் யேல் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து வந்தாள். நியூயார்க்கிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் நியூ ஹேவன் என்ற சிறு நகரம். அதுதான் யேல் இருக்கும் ஊர். நான் கட்டிடக் கலை படித்தவன் அல்ல. ஒரு நாவலை எப்படிப் படிப்பேனோ அப்படித்தான் ஒரு கட்டிடத்தையும் எனக்குப் படிக்கத் தெரியும். எங்கே தொடங்குகிறது, யாரை முன்னால் நிறுத்துகிறது, யாரைப் பின்னால் தள்ளுகிறது, எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்று பார்ப்பேன். ஆகையால் நான் இங்கே சொல்லப் போவதைக் கட்டிட விமரிசனம் என்பதைவிட, கல்லில் எழுதிய ஒரு பெரிய நாவலுக்கு மதிப்புரை என்று எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு பெரிய கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். இலையுதிர் காலம். மரங்களெல்லாம் குங்குமமும் மஞ்சளுமாக இருந்தன. கோபுரம் அடியில் கனமாகவும், மேலே போகப் போக மெலிந்து, உச்சியில் கல்லாலேயே பின்னிய கிரீடம் வைத்த மாதிரியும் இருந்தது. மணிகள் ஒலிக்க ஆரம்பித்தன. ஒரு மணி, இரண்டு மணி அல்ல. ஒரு முழுப் பாட்டே வானத்திலிருந்து இறங்கி வந்தது. கருத்த கற்கள், ஈயப் பட்டைகளால் ஒட்டுப்போட்ட ஜன்னல் கண்ணாடிகள், சுவரில் சிலை இல்லாத வெற்று மாடங்கள். மாடங்களைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர்க் கோயில்களில் சிலை திருட்டுப் போன இடங்கள் ஞாபகம் வந்தன. மனம் கொஞ்சம் கனத்துக்கூடப் போயிற்று.

“எத்தனை வருஷம் இருக்கும், சொல்லுங்க மாமா” என்றாள்.

“ஐந்நூறு இருக்காதா?”

“நூறு!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். “1917-ல் ஆரம்பித்து 1921-ல் முடித்தார்கள். அந்த மாடங்களில் சிலை இருந்ததே இல்லை. திருட்டுப் போன மாதிரி இருக்கட்டும் என்று காலியாகவே கட்டினார்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற ஆசிரியர் எனக்குக் கடிதம் எழுதியபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில் புரிந்தது.

அந்தக் கோபுரத்துக்கு ஹார்க்னஸ் கோபுரம் என்று பெயர். உயரம் 216 அடி. கல்லூரி தோன்றிய 1701-லிருந்து கோபுரவேலை தொடங்கிய வருஷம் வரை, வருஷத்துக்கு ஓர் அடி. இதையும் இதைச் சுற்றியுள்ள கட்டிடங்கள் பலவற்றையும் அமைத்தவர் ஜேம்ஸ் கேம்பிள் ராஜர்ஸ். அவரும் யேலில் படித்தவர்தான். ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் போலத் தம் கல்லூரியும் தோன்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் அந்த ஊர்களில் காலம் பல நூறு வருஷம் உட்கார்ந்து செய்த வேலையை, இங்கே பத்துப் பதினைந்து வருஷத்தில் கூலிக்காரர்கள் செய்து முடிக்க வேண்டியிருந்தது. புதுக் கல்லின் மேல் திராவகத்தைத் தெளித்து மங்க வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். நல்ல ஜன்னல் கண்ணாடிகளை வேண்டுமென்றே உடைத்து, பழங்காலத்து முறைப்படி ஈயம் வைத்து ஒட்டினார்கள். முழுக்க முழுக்கக் கல்லால் ஆனவை போலத் தெரியும் கட்டிடங்கள் பலவற்றுக்குள் இரும்புச் சட்டம் இருக்கிறது. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் புதிதாக்குவார்கள். இவர்கள் புதிதைத் திராவகம் ஊற்றிப் பழசாக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் ஸ்டெர்லிங் நூல்நிலையத்துக்குப் போனோம். ஜான் ஸ்டெர்லிங் என்ற வக்கீல் விட்டுப்போன சொத்தில் எழுந்து, 1931-ல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தால் மாதா கோயில்! உயர்ந்த தூண்கள், நீண்ட நடு மண்டபம், வண்ணக் கண்ணாடிகளில் வடிகட்டிய வெளிச்சம். பீடம் இருக்க வேண்டிய இடத்தில் புஸ்தகம் கொடுத்து வாங்கும் மேஜை. அதற்கு மேல், தேவமாதா இருக்க வேண்டிய இடத்தில், கல்வித் தாயின் சித்திரம். இரவல் வாங்கிய பக்தி என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் மெதுவாக நடக்க, என் கால்கள் செருப்பைக் கழற்ற இடம் தேடின. பக்தியை வரவழைக்கத் தெரிந்த கட்டிடம். ஆனால் எதன் மேல் பக்தி என்று சொல்லத் தெரியாத கட்டிடம்.

அப்புறம் அவள் ஒரு சிறு சிற்பத்தைக் காட்டினாள். கல்லில் செதுக்கிய ஒரு மாணவன், கையில் விரித்த புஸ்தகம். புஸ்தகத்தின் பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. கிட்டப் போய்ப் படித்தால், ‘நீ ஒரு வேடிக்கை’ என்று ஆங்கிலத்தில் குறும்பாகச் சுருக்கி எழுதியிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். கோபமும் பாதி போய்விட்டது. தன்னைத் தானே கேலி செய்துகொள்ளத் தெரிந்த பொய்யை நான் எப்போதும் மன்னித்துவிடுவேன். “இது நாடகம் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போ” என்று அந்தச் சிற்பம் கண்ணடிக்கிறது. நல்ல கதாசிரியன் செய்வதும் இதைத்தானே?

இன்னும் ஒரு விஷயம். பொய்யாகக் கட்டியதில் மனிதர்கள் மெய்யாகக் குடியிருந்தால் அது எத்தனை நாளைக்குப் பொய்யாக இருக்கும்? யேலில் இளங்கலை மாணவர்கள் எல்லோரும் ஏதாவது ஓர் ‘உறைவிடக் கல்லூரி’யைச் சேர்ந்தவர்கள். 1933-ல் இந்த ஏற்பாடு ஆரம்பமாயிற்று. அதற்குப் பணம் கொடுத்தவர் எட்வர்ட் ஹார்க்னஸ். ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய்க் கம்பெனியில் பங்கு வைத்திருந்த குடும்பத்தின் வாரிசு. நாடு முழுவதும் வேலையில்லாமல் திண்டாடிய அந்த நாளில் இங்கே கோட்டைகள் மாதிரி கல்லூரிகள் எழுந்தன. 2017-ல் இரண்டு சேர்ந்து, இப்போது பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் முற்றம், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு சின்ன நூல்நிலையம், ஒரு தலைவர். நம் பக்கத்துப் பழைய இரண்டு கட்டு வீட்டின் மனோபாவம் அது. வெளியே தெருவுக்குச் சுவரைக் காட்டும். உள்ளே முற்றத்துக்கு முகத்தைக் காட்டும்.

ஒரு கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் சாப்பிட்டோம். நீள மேஜைகளில் பையன்களும் பெண்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டே சாப்பிட்டாள். ஒருவன் நாடக வசனத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தான். நள்ளிரவு நெருங்கும்போது கீழ்த்தளத்தில் மாணவர்களே நடத்தும் ஒரு தீனிக் கடை திறக்கும் என்றும், உருப்படியான விவாதங்கள் எல்லாம் அங்கேதான் நடக்கும் என்றும் என் மருமகப் பெண் சொன்னாள். கோபுரத்து மணிகள் ஐம்பத்து நான்கு என்றும், அவற்றை வாசிப்பவர்களும் மாணவர்களே என்றும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. பழைய வளாகத்தில் உல்சி என்ற முன்னாள் தலைவரின் சிலை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அதிர்ஷ்டத்துக்காகத் தொட்டுத் தொட்டு, அதன் ஒரு கால் விரல் பொன்னாக மின்னுகிறது. நானும் கையை நீட்டினேன். “வேண்டாம் மாமா, இங்கே படிக்கிறவர்கள் தொடவே மாட்டார்கள்” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

கிளம்பும்போது அந்தக் கல்லூரியின் மாடிப்படிகளைப் பார்த்தேன். நடுவில் குழி விழுந்திருந்தது. ராஜர்ஸ் காலத்தில் யாராவது உளியால் குடைந்து வைத்ததா, அல்லது தொண்ணூறு வருஷமாக மாணவர்களின் கால்கள் தேய்த்ததா என்று சொல்ல முடியவில்லை. ஆரம்பத்தில் பொய்யாக இருந்திருந்தாலும் இன்றைக்கு அது மெய்தான். என் செப்பேட்டுக்கு நல்ல வக்காலத்து கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சி அடைந்தேன். ஊருக்குத் திரும்பியதும் ஆசிரியருக்கு எழுத வேண்டிய பதிலின் முதல் வாக்கியத்தைக்கூட மனத்துக்குள் அமைத்துக்கொண்டேன்.

பொய்யே சொல்லாத கட்டிடங்களும் யேலில் இருக்கின்றன. நம் ஆமதாபாத்தில் நிர்வாகக் கல்விக் கழகத்தைக் கட்டிய லூயி கான், 1953-ல் இங்கே ஒரு கலைக்கூடம் கட்டினார். கான்கிரீட்டைக் கான்கிரீட்டாகவே காட்டிக்கொண்டு நிற்கிறது. 1963-ல் கார்டன் பன்ஷாஃப்ட் அபூர்வ நூல்களுக்காகக் கட்டிய பைனகி நூல்நிலையத்துக்கு ஜன்னலே கிடையாது. சுவர்கள் மெல்லிய சலவைக்கல் பலகைகள். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைப் பெட்டி. உள்ளே போனால் கல்லின் வழியே வெயில் கசிந்து தேன் நிறமாக நிற்கிறது. நடுவில் ஒரு கண்ணாடிக் கோபுரம் நிறைய புஸ்தகங்கள். யேலிலேயே அழகான கட்டிடம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனாலும் அங்கே புஸ்தகங்களுக்குத்தான் வாசம். ஒரு மாணவி செருப்பை உதறிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து தூங்க வேண்டுமானால், அந்தப் பொய் மாதா கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் என் மதிப்புரையை முடித்திருந்தால் எனக்கும் சௌகரியம், வாசகர்களுக்கும் சௌகரியம். ஆனால் மூன்றாம் நாள் வேறு விதமாகப் போயிற்று.

“நிஜமாகவே பழைய கட்டிடம் ஒன்றைப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்டு, கனெக்டிகட் ஹால் என்ற கட்டிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வளாகத்தில் மிஞ்சியிருப்பவற்றில் இதுதான் மிகப் பழையது. 1750-ல் தொடங்கி 1752-ல் முடித்தது. சிவப்புச் செங்கல், வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டம் போட்ட ஜன்னல்கள், கோபுரம் கிடையாது, ஆடம்பரம் கிடையாது. அப்பாடா, இதுவாவது உள்ளதை உள்ளபடி சொல்கிறதே என்றேன்.

“இதைக் கட்டினவர்களில் அடிமைகளும் இருந்தார்கள் மாமா. எழுதி வைத்த கணக்கே இருக்கிறது. ஆனால் இருநூற்றைம்பது வருஷமாக அதை யாரும் சொல்லிக்கொண்டதில்லை” என்றாள்.

நான் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திராவகம் ஊற்றாத, கண்ணாடி உடைக்காத, நாணயமான கட்டிடம். வயதைப் பற்றி அது பொய் சொல்லவில்லை. பெற்றவர்களைப் பற்றித்தான் சொல்லவில்லை. ஹார்க்னஸ் கோபுரத்தின் பொய்யில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இதனுடைய மௌனத்தில் மனிதர்களே காணாமற் போயிருக்கிறார்கள்.

அன்று மாலை யேல் என்ற பெயரைப் பற்றிப் பேச்சு வந்தது. இது நமக்குத் தெரிந்த பெயர். போஸ்டனில் 1649-ல் பிறந்த எலிஹு யேல், 1672-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்தார். 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். தம் சொந்த வியாபாரத்துக்குப் பதவியைப் பயன்படுத்திக்கொண்டார் என்று கம்பெனியே அவரை நீக்கிற்று. அதற்குள் பெரும் பணம் சேர்த்துவிட்டார். 1718-ல், மகன் உயிரோடு இல்லாத அந்தக் கிழவருக்குக் காட்டன் மாதர் என்ற பாதிரியார், கல்லூரிக்கு உதவினால் அவர் பெயர் எகிப்துப் பிரமிடைவிட நன்றாக நிலைக்கும் என்ற தோரணையில் ஆசை காட்டிக் கடிதம் எழுதினார். யேல் அனுப்பியது 417 புஸ்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று, ஒன்பது மூட்டைச் சரக்கு. சரக்கில் மஸ்லினும் காலிகோவும் உண்டு. விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அவ்வளவுதான், கல்லூரிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

நம்மவர்கள் கூட்டங்களில் இதைப் பெருமையாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். “சென்னைப் பணத்தில் எழுந்த சர்வகலாசாலை” என்று நானே ஒரு மேடையில் சொல்லி, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அதே யேல் அங்கம் வகித்த சென்னை ஆட்சியில், ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும் என்று விதி இருந்ததைக் கோட்டையின் பதிவேடுகளே சொல்கின்றன. சென்னைக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? கைதட்டல் வாங்கிய மேடையில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

யேலின் படம் ஒன்று அங்கே இருக்கிறது. சுமார் 1719-ல் லண்டனில் எழுதியது. பிரிட்டிஷ் ஓவியக் காட்சிசாலைக்குச் சொந்தமானது. லூயி கானின் கடைசிக் கட்டிடங்களில் ஒன்றான அது, அப்போது பழுதுபார்ப்பதற்காக மூடியிருந்தபடியால் அச்சுப் பிரதியைத்தான் பார்த்தேன். பெரிய மனிதர்கள் மேஜையைச் சுற்றி இருக்கிறார்கள். பொய்த்தலைமுடி, பட்டு அங்கி, மது. ஓரமாக ஒரு கறுப்புச் சிறுவன். நல்ல உடைதான் போட்டிருக்கிறான். ஆனால் கழுத்தில் உலோக வளையம், அதற்குப் பூட்டு. உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்களை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிறுவனின் பெயரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2020-ல் இந்தப் படத்தைக் கழற்றிவிட்டு, டைட்டஸ் கஃபார் என்ற ஓவியர் எழுதிய வேறு படத்தைச் சில காலம் அந்த இடத்தில் மாட்டினார்கள். கஃபாரின் படத்தில் பெரிய மனிதர்கள் எல்லாம் கசக்கிய காகிதம் போலச் சுருண்டு கிடக்கிறார்கள். சிறுவனின் முகத்துக்கு மட்டும் தங்கச் சட்டம். கழுத்தில் வளையம் இல்லை.

ஒரு சித்திரத்துக்கு இன்னொரு சித்திரம் எழுதிய மதிப்புரை அது. நான் இத்தனை வருஷம் எழுதிய மதிப்புரைகளில் ஒன்றுகூட அவ்வளவு நேராகப் போய்த் தைத்ததில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், ஒரு கூர்நுனிக் கல்தூணை நான் இளம்பிராயத்தில் பார்த்திருக்கிறேன். சிறு வயதிலேயே இறந்துபோன டேவிட் என்ற மகனும், மனைவியின் முதல் கணவரும் கிடக்கும் சமாதி அது. அங்கே யேல் தம் மகனை அடக்கம் செய்தார். வண்டிகள் நிறுத்த இடம் வேண்டியிருந்ததையொட்டி, அதை அங்கிருந்து அகற்றும்படி 2023-ல் ஒரு தீர்ப்புக்கூட வந்தது. ஹார்க்னஸ் கோபுரமும் அப்படிப்பட்டதுதான். அன்னா ஹார்க்னஸ் என்ற தாய், 1916-ல் இறந்த தன் மகன் சார்லஸின் ஞாபகமாகக் கொடுத்த பணத்தில் அது எழுந்தது. பெற்றவர்களின் துக்கத்தில் பொய் கிடையாது. ஒரு பிள்ளைக்குச் சென்னையில் தூண். ஒரு பிள்ளைக்கு நியூ ஹேவனில் கோபுரம். படத்தில் மது ஊற்றுகிற பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் அல்லவா? அவள் எந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாளோ!

இனி அந்தக் கண்ணாடி விஷயம். உறைவிடக் கல்லூரிகளில் ஒன்றுக்கு 1933 முதல் ஜான் கால்ஹூன் பெயர் இருந்தது. யேலில் படித்தவர், அமெரிக்காவின் உப ஜனாதிபதியாக இருந்தவர், அடிமை முறை நல்லது என்றே வாதாடியவர். அந்தக் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில், பருத்தி சுமக்கும் அடிமைகள் இருவரை வண்ணக் கண்ணாடியில் அழகாக வரைந்து ஜன்னலில் பதித்திருந்தார்கள். எண்பது வருஷத்துக்கு மேல் மாணவர்கள் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 2016 ஜூனில், அங்கே வேலை செய்த ஒரு கறுப்பு ஊழியர், துடைப்பக் கட்டையால் அந்தக் கண்ணாடியைத் தட்டி உடைத்துவிட்டார். வேலைக்கு வரும் இடத்தில் தினமும் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர் சொன்ன காரணம். போலீஸ், வழக்கு, வேலை போயிற்று. பிறகு ஊரில் குரல் எழும்பவே வழக்கைக் கைவிட்டு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2017-ல் கல்லூரியின் பெயரையே எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் துறையின் முன்னோடியும் கடற்படை அதிகாரியுமான கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையாரின் பெயரை வைத்தார்கள். பின்னால், பெயர் மாறிய கதையைச் சொல்லும் புதிய கண்ணாடிகளையும் பதித்தார்கள். 2024 பிப்ரவரியில், அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக சர்வகலாசாலை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

பிறர் சொத்தை உடைப்பது நியாயம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். பழசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ராஜர்ஸின் ஆட்கள் கண்ணாடியை உடைத்தார்கள். அது கலை, அதற்குக் கூலி கொடுத்தார்கள். பழையதைச் சுமந்தது போதும் என்று ஒருவர் கண்ணாடியை உடைத்தார். அதற்கு விலங்கு மாட்டினார்கள். யேலின் கட்டிடங்களைப் பற்றிய என் அபிப்பிராயம் முழுவதும் இந்த இரண்டு உடைசல்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் பதித்தவர்கள் அடிமைகளை மறைக்கவில்லை, வரையத்தான் வரைந்தார்கள். ஆனால் அலங்காரத்துக்காக வரைந்தார்கள். மனிதனை மறப்பதும், மனிதனை ஜன்னல் சித்திரமாக வைத்துக்கொண்டு சாப்பிடுவதும், இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

கடைசி நாள் காலையில் ஸ்டெர்லிங் நூல்நிலையத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு கல்மேஜை இருக்கிறது. முட்டை வடிவத்தில் வழுவழுப்பான பச்சைக் கருங்கல். நடுவிலிருந்து தண்ணீர் ஊறி மேலெல்லாம் வழிகிறது. இங்கே மாணவியாக இருந்தபோதே வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் நினைவுச் சின்னத்தை வரைந்து கொடுத்த மாயா லின் என்ற பெண், 1993-ல் இதைச் செய்தார். யேல் தன் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-ல்தான். கல்லின் மேல் சுருள் சுருளாக எண்கள். ஒவ்வொரு வருஷமும் சர்வகலாசாலையில் எத்தனை பெண்கள் படித்தார்கள் என்ற கணக்கு. நடுவில் தொடங்கி முதலில் வருவதெல்லாம் பூஜ்யம். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் போகிறது. அப்புறம்தான் எண்கள் வருகின்றன.

தண்ணீரில் விரலை வைத்து அந்தப் பூஜ்யங்களைத் தடவிப் பார்த்தேன். வளாகத்தில் நான் பார்த்த கல்வேலைகளிலெல்லாம் இதற்குத்தான் முதல் பரிசு கொடுப்பேன். கோபுரத்தில் இல்லாத வெற்று மாடங்கள், இருந்து தொலைந்த மாதிரி நடிக்கின்றன. இந்தப் பூஜ்யங்களோ, இருந்திருக்க வேண்டியவர்கள் இல்லாமற் போனதைக் கூசாமல் சொல்கின்றன. காலி இடத்தை எப்படி எழுதுவது என்று எந்தக் கதாசிரியனும் இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம்.

“என்ன மாமா, ஒன்றும் பேசவில்லையே?” என்றாள்.

“ஒரு கடிதத்துக்குப் பதில் பாக்கி இருக்கிறது, அம்மா” என்றேன்.

ஊருக்கு வந்ததும் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். பின்குறிப்பை அப்போதுதான் இரண்டாம் முறை படித்தேன். பிறகு என் நாவலை எடுத்துப் புரட்டினேன். தீவட்டிப் பையன் ஒன்பது அத்தியாயங்களில் வருகிறான். அரண்மனைச் சுரங்கத்தில் ராஜாவுக்கு வெளிச்சம் காட்டுகிறான். அந்தச் செப்பேட்டைப் படிக்கும்போது தீவட்டியைத் தாழ்த்திப் பிடிப்பவனும் அவன்தான். எண்ணெய்த் துளி கையில் விழுந்து அவன் துடித்தான் என்றுகூட எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் பாராட்டியவர்கள் உண்டு. ஆனால் அவனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. கோட்டை எரிந்த அத்தியாயத்துக்குப் பிறகு அவனைக் காணோம். செத்தானா, தப்பினானா என்று எனக்கே தெரியாது. முந்நூறு பக்கம் என் கதைக்கு விளக்குப் பிடித்தவனை நான் கவனிக்கவே இல்லை.

ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். செப்பேடு பொய், அதற்காக வருத்தம் இல்லை என்று ஒரே வரியில் முடித்தேன். பின்குறிப்புக்குத்தான் நாலு பக்கம் ஆயிற்று. அடுத்த பதிப்பில் அந்தப் பையனுக்காக ஓர் அத்தியாயம் சேர்ப்பதாக எழுதிவிட்டேன். இன்னும் எழுதி முடிக்கவில்லை. அவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று தீர்மானிப்பதற்கே இவ்வளவு நாளாகிறது.